மடக்கிய முழங்கால்

விலைப்பலகை மாட்டிய இடத்துக்குப் போனாலே துணிக்கடைக்காரருக்குப் பேரம் பேச நாக்கு துடிக்கும். அன்று கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பிள்ளைகள் இருவரையும் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்திருந்தார். சீட்டுக் கொடுக்கும் பெண்ணோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம். பேரம் பேச வழியில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே அரைச் சீட்டு என்று பலகையில் போட்டிருந்ததுதான் கிடைத்த ஒரே சந்து. பெரியவளுக்குப் பதின்மூன்று. உயரத்தில் அவர் தோளைத் தொட்டுவிட்டாள்.

"பதினொண்ணுன்னு சொல்லு," என்று அவள் காதில் சொன்னார். "முட்டியக் கொஞ்சம் மடக்கிக்கோ."

துணியை இழுத்துப் பிடித்து அளப்பதைப் போலத்தான் அவருக்கு இதுவும். ஒரு விரற்கடை மிச்சம், யாருக்கும் வலிக்காது. அவள் ஒருமுறை அப்பாவைப் பார்த்துவிட்டுப் பாவாடைக்குள் முழங்காலை மடக்கினாள். அக்கா ஏன் உட்காரப் போகிறாள் என்று ஆறு வயதுச் சின்னவன் உரக்கக் கேட்க, அவன் வாய்க்குள் ஒரு மிட்டாய் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் மணிக்கட்டில் பச்சைப் பட்டை, அவர் கையில் மஞ்சள்.

உள்ளே, கூரையிலிருந்து தொங்கிய திமிங்கல எலும்புக்குக் கீழே நின்று, அதற்கு எத்தனை வயது என்று சின்னவன் கேட்டான். அவர் பலகையைப் படித்துச் சொன்னார். "அது உண்மையத்தான் சொல்லுச்சா?" என்றான். அவர் சிரித்தார். பெரியவள் சிரிக்கவில்லை, மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சுழல்நாற்காலி இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள், நடுவில் ஆளைக் கட்டிவைத்துத் தலைகீழாகச் சுற்றுவார்கள், விண்வெளிக்குப் போகிறவர்கள் பழகுவது போல. கடையில் பில் போடும் நேரத்தில்கூட அதன் வீடியோவை அவர் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறாள். அவள் வந்ததே அதற்காகத்தான்.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது, வாசலில் நின்ற பணிப்பெண் அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். "மஞ்சப் பட்டைக்கு மட்டும்தாம்மா. பன்னெண்டு முடிஞ்சிருக்கணும்."

அவர் முன்னால் பாய்ந்தார். "பதிமூணு ஆகுதுங்க. கீழ நாந்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன். மிச்சத்தக் கட்டிடறேன்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வாசலுக்கு வந்ததும் பிள்ளைகளுக்குத் திடீரென்று வயது கூடிவிடுவதைப் பணிப்பெண் எத்தனையோ தடவை பார்த்திருப்பாள். பெரியவள் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா. உனக்கு என்ன வயசு?"

அவள் வளையங்களைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தை.

"பதினொண்ணு."

"பாத்தீங்களா சார், பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியல," என்ற பணிப்பெண் அடுத்த ஆளை உள்ளே விட்டாள்.

மகள் தன்னைக் காப்பாற்றினாளா, பதிலடி கொடுத்தாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எந்தச் சரக்கையும் தொட்டதும் தரம் சொல்லிவிடுகிற கை அவருடையது. ஐஸ்கிரீம் வேண்டுமா என்றார், வேண்டாம் என்றாள். கீழே இருந்த கடையில் ஒரு தொலைநோக்கியை எடுத்துவந்து நீட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக விலை கேட்காமல் எடுத்த பொருள். அவள் அதை வாங்கி அலமாரியிலேயே திரும்ப வைத்தாள்.

"விடுங்கப்பா. சொன்னது சொன்னதுதான்."

இழுபறி செய்யும் வாடிக்கையாளரிடம் அவர் தினமும் சொல்வது அது. அதே குரல்கூட.

கடைசியாகச் சின்னவன் அவர்களை நிழல் அறைக்குள் இழுத்துப் போனான். சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பளிச்சென்று ஒரு வெளிச்சம். நகர்ந்த பிறகும் நிழல் மட்டும் சுவரிலேயே நிற்கும். மூவரும் நின்றார்கள். வெளிச்சம் அடித்தது. விலகிப் பார்த்தார்கள். விரல்களால் கொம்பு வைத்த சின்னவன், தொப்பையோடு அவர். பக்கத்தில் பெரியவள், அவர் நெஞ்சு உயரம்தான். இங்கே யாரும் மடக்கச் சொல்லவில்லை.

அவர் சுவரை நெருங்கி, அவள் நிழலின் தலைக்கு மேலே, அவளுடைய சரியான உயரத்தில் உள்ளங்கையை வைத்தார். தள்ளி வரச்சொல்லிச் சின்னவன் கத்தினான். அவர் கையை எடுக்கவில்லை. வெளிச்சம் மறுபடி அடித்தது.

சுவரில் பழைய நிழல்கள் போய்விட்டன. கை நீட்டி யாரையோ அளந்துகொண்டு ஒரு மனிதர் மட்டும் நின்றார். அந்தக் கைக்குக் கீழே ஒருவரும் இல்லை.