ஒரு வேலை பாக்கி

என் வீட்டுக்காரரை உப்பு வாங்கி வரச் சொன்னால் புளி வாங்கி வருவார். புளிக்கு அனுப்பினால் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார். கல்யாணமான புதிதில் எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் சித்தூர் வெல்ல மண்டியில் குமாஸ்தா. அங்கே முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தடவை வெளியே அடுக்கிய வெல்லத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொல்ல இவர் மறந்துவிட்டார். ராத்திரி பெய்த மழையில் அத்தனையும் கரைந்து சாக்கடையில் போய்விட்டது. "கோவர்த்தனா, உன் தலையில மூளை இருக்கவேண்டிய எடத்துல வெல்லந்தான் இருக்குது" என்று கூலியாட்கள் முன்னால் முதலாளி திட்டியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த மறுவருஷம் அது. மண்டி வேலையாகத் திருப்பதி போனவர், ஒரு சத்திரத்தில் யாரோ செய்த பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தார். மனிதன் தன்னைத்தானே முன்னேற்றிக்கொள்வது எப்படி என்று பிரசங்கமாம். விடிவதற்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, செய்யவேண்டிய வேலைகளை மனசுக்குள் வரவிட வேண்டுமாம். வந்த வரிசையிலேயே செய்து முடிக்க வேண்டுமாம். நாளைய வேலை ஒன்றையாவது இன்றைக்கே முடிக்கிறவனை யாராலும் அசைக்க முடியாதாம்.

"இதுக்குக் காசு வாங்கினானா அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"இல்லமே. சும்மாதான் சொன்னாரு."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் சில மாதம் நான் ராணிதான். எழுந்து வந்தால் தண்ணீர் நிரம்பியிருக்கும், விறகு பிளந்திருக்கும், விளக்குக் கண்ணாடி துடைத்திருக்கும். மண்டிச் சாவியை முதலாளி இவர் கையில் கொடுத்தார். குழாயடியில் நான் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி மருந்து பாட்டிலோடு வந்து நின்றார்.

"யாருக்கு ஜுரம்?"

"தெரியல தாட்சா. காலையில உக்காந்தப்போ மருந்து வாங்கணும்னு வந்திச்சி. வாங்கினு வந்துட்டேன்."

நான் சிரித்துவிட்டு பாட்டிலை அலமாரியில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அந்தக் கசப்பு மருந்தைத்தான் குடித்தேன். ஏதோ தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் அம்மா ஊர் திருத்தணிப் பக்கம், அப்போது ஆந்திராவில் இருந்தது. அந்தப் பக்கமெல்லாம் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்குப் போட்ட கார்டில் இவர், அம்மாவின் விலாசத்துக்குக் கீழே 'மெட்ராஸ் ராஜ்யம்' என்று எழுதியிருந்தார். தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஊரையே தூக்கினு போயி அந்தாண்ட வெச்சிட்டாரே உங்க வூட்டுக்காரு" என்று சிரித்தார். நான் கேட்டதற்கு இவர், "அப்பிடித்தான் ஆவப்போவுது. இப்பவே எழுதிப் பழகிக்கினா நல்லதுதானே" என்றார். விளையாட்டாகச் சொல்கிற முகமாக இல்லை அது.

அடுத்து நடந்ததுதான் எங்களைத் தெருவிலிருந்தே ஒதுக்கிவிட்டது. பின் தெருவில் கிருஷ்ணம்மா வீடு. அவள் புருஷன் ரங்கையா திடமான ஆள். இவர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கே போய், களி தின்றுகொண்டிருந்த ரங்கையாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"யார?" என்று ரங்கையாவே கேட்டிருக்கிறான்.

கிருஷ்ணம்மா துடைப்பத்தோடு என் வாசலுக்கு வந்து தெருவே கூடும்படி ஏசிவிட்டுப் போனாள். நான் தலை நிமிரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் ரங்கையா போய்விட்டான். ஊரே போய்த் துக்கம் விசாரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. "அதுதான் அப்பவே போய் வந்துட்டேனே" என்றார்.

அதன்பிறகு இவர் ஒரு தெருவுக்குள் திரும்பினால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டு பாலையா ஒருவன்தான் பேச்சை விடவில்லை. அவனும், "அண்ணா, எங்க வூட்டுக்கு வரதா இருந்தா வெளியவே நின்னு இன்னா வேலன்னு சொல்லிட்டு வா" என்று சொல்லி வைத்திருந்தான்.

"போதும், இத்தோட விடுங்க" என்று கெஞ்சினேன்.

"விட்டா மறுபடியும் மறந்துடுவேன் தாட்சா. நானா ஒண்ணும் தேடினு போகல. அதுவா வருது, நான் செய்யறேன்."

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். நாளைய வேலையில் ஒன்று என்று ஆரம்பித்தவர், அடுத்த மாச வேலை, அடுத்த வருஷ வேலை என்று போய்க்கொண்டேயிருந்தார். ஒழுகாத கூரைக்கு ஓடு மாற்றினார். பிறக்காத பிள்ளைக்குத் தூளி கட்டினார். அந்தப் பிள்ளை பெரியதானால் தண்ணீர் மொண்டுகொள்ளத் தாழ்வாக ஒரு தொட்டியும் கட்டினார். நாலு மனிதர் செய்யும் வேலையை ஒரு மனிதர் செய்தார். முகம் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது.

எனக்கு மாசம் நிறைந்திருந்த சமயம். ஒரு நாள் நான் எழுந்தபோது வெயில் வந்துவிட்டது. இவர் இன்னும் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மண்டிக்குப் போகல?"

"ஒண்ணும் வரல்லமே."

"இன்னா வரல்ல?"

"வேல. ரொம்ப நேரமா உக்காந்துகினு இருக்கேன். ஒண்ணுகூட வரல்ல. எல்லாம் முடிஞ்சிபோச்சி போலக்கீது."

பரீட்சை முடிந்த பையனைப் போலச் சந்தோஷமாகச் சொன்னார். எழுந்து முகம் கழுவினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் பாலையாவிடம் கொடுத்தார். பாலையா ஒன்றும் புரியாமல் அதில் காலை நுழைத்துப் பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் தன் ஆயுசுக்கு உண்டான வேலையை எல்லாம் முடித்துவிட்டார். நாளை என்று ஒன்று இனி இவருக்கு இல்லை.

திரும்பி வந்தவர் பாயை விரித்தார். நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். தண்ணி எடுத்து வாங்க. எடுத்தாச்சு. அரிசி? ஒரு வருஷத்துக்கு இருக்குது. மருத்துவச்சி? சொல்லி வெச்சிட்டேன். பாவி மனுஷன், எதையாவது ஒன்றை விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று அழுகையும் ஆத்திரமும் முட்டின. அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

"புள்ளைக்குப் பேர் வெக்கல" என்றேன்.

"அட, அது இன்னா பெரிய வேல" என்று வாயைத் திறந்தார். நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன்.

"இப்ப இல்ல. மலைக்குப் போயி, மொட்டை போட்டு, அதுக்கப்புறம்தான் பேரு. நான் வேண்டிக்கினு இருக்கேன். முன்னாடியே வெச்சா பெருமாளுக்கு ஆவாது."

அப்படி ஒரு வேண்டுதல் அந்த நிமிஷம் வரை கிடையாது. அவர் பலகையில் போய் உட்கார்ந்து மறுபடி கண்ணை மூடினார்.

"ஆங்" என்றார் கடைசியில். "அது ஒண்ணு கீது."

எழுந்து போய் பாலையாவிடம் செருப்பைத் திரும்பக் கேட்டு வாங்கி வந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட வள்ளல் என்று பாலையா வெகுநாள் கேலி செய்தான்.

பெண் பிறந்தது. எங்கள் பக்கத்தில் மலை வேண்டுதல் இருந்தால் பிள்ளைக்கு முடி எடுக்காமல் விட்டுவைப்பது சகஜம். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயசில் போய் எடுப்பார்கள். முதல் வருஷம் எனக்கு இடுப்பு வலி என்று தள்ளினேன். மூன்றாம் வருஷம் மழை என்றேன். பெண்ணை எல்லோரும் 'பாப்பா' என்றே கூப்பிட்டோம். தலைமுடி இடுப்பு வரை வளர்ந்து பேன் பிடித்தது. நாத்தனார் செல்லியம்மா வரும்போதெல்லாம், "நாய்க்குட்டிக்குக்கூட பேர் வெக்கறாங்க, உனக்கு இன்னா கேடு?" என்று திட்டுவாள். திட்டட்டும் என்று இருந்தேன். தினமும் விடியற்காலை பலகையிலிருந்து, "அது ஒண்ணுதான்" என்று குரல் வரும். அதைக் கேட்ட பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

மற்ற வேலை எதுவும் இப்போது அவருக்குத் தோன்றுவதில்லை. நான் சொல்வதைச் செய்தார். ஒரு நாள் உப்பு கேட்டேன், புளி வாங்கி வந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு அவருக்குக் காரணம் புரியவில்லை.

அறுபதாம் வருஷம் அம்மா ஊர் நிஜமாகவே மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. அதே வருஷம் பாப்பாவுக்கு ஐந்து முடிந்தது. பேர் இல்லாத பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செல்லியம்மாவே நாள் பார்த்து, எங்களைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். மொட்டை போடுவோம், பேரை மட்டும் வேறு ஏதாவது சொல்லித் தள்ளிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

மலையில் முடி எடுத்து, குளத்தில் முக்கி, தலைக்குச் சந்தனம் பூசினேன். பாப்பா தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். ஈரப் புடவையைப் பிழிந்து நிமிர்ந்தேன். அவள் இல்லை.

எங்கே பார்த்தாலும் மொட்டை. மொட்டையெல்லாம் சந்தனம். பெற்ற எனக்கே எது என் பிள்ளை என்று தெரியவில்லை. "பாப்பா!" என்று கத்தினேன். திரும்பிய தலைகளில் அவள் இல்லை. குளத்தின் அந்தப் பக்கம், படி வழுக்கி ஏதோ பிள்ளை விழுந்துவிட்டதென்று ஜனங்கள் ஓடினார்கள். ஒரு தொண்டர் என் தோளைப் பிடித்து, "பாப்ப பேரு ஏமிட்டம்மா? பேரு செப்பு, மைக்குல பிலுஸ்தாம்" என்றார். பேரைச் சொன்னால் மைக்கில் கூப்பிடுவார்களாம். நான் என்ன சொல்வேன்?

திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக நான் எதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"கூப்பிடுங்க" என்றேன்.

"மரகதம்" என்றார். கத்தக்கூட இல்லை.

தண்ணீரைத் தொடும் கடைசிப் படியில் நின்றிருந்த ஒரு மொட்டைத் தலை திரும்பியது. அத்தனை கூட்டத்துக்குள் நேராக ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. என் வீட்டில் அந்தப் பேரை யாரும் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. அது தன்னுடைய பேர்தான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை. அவர் குனிந்து சந்தனத் தலையை முகர்ந்தார்.

"ஆச்சி, அதுவும் முடிஞ்சிபோச்சி" என்றார்.

சாயங்காலம் சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தோம். செல்லியம்மா முன் சீட்டில். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். அவர் என் தோளில் தலையைச் சாய்த்தார். நாலு பேர் பார்க்க அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

"தூக்கமா வருதுமே. நாளைக்கு இன்னா வேல?"

ஒரு நாளும் என்னை அவர் இப்படிக் கேட்டதில்லை.

"இவள ஸ்கூல்ல சேக்கணும்" என்றேன்.

"ம்."

"தலை வெயில்ல கொப்புளிக்கும். எண்ண தேய்க்கணும்."

"ம்."

"பாலையாவுக்குப் பிரசாதம் குடுக்கணும். அம்மாவுக்குக் கார்டு போடணும்."

"ம்."

சந்திரகிரி தாண்டியது. கிணற்றுக் கயிறு, அரிவாள்மனைப் பிடி, நெல் புழுக்க அண்டா என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" வந்தது. புத்தலப்பட்டில் பஸ் நின்று, ஆள் ஏறி, கிளம்பியது. "மழைக்கு முன்னாடி ஓடு பாக்கணும்" என்றேன்.

பதில் இல்லை. தோளில் பாரம் கூடியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "மரகதத்துக்கு முடி வளந்ததும் சடை பின்னணும்" என்றேன். "பாவாடை தைக்கக் குடுக்கணும். காது குத்தணும். படிக்க வெக்கணும். நல்ல எடமா பாத்து கட்டிக் குடுக்கணும்."

செல்லியம்மா திரும்பி, "யார்கிட்டமே பேசினு வர?" என்றாள். அவரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

நான் நிறுத்தவில்லை. சித்தூர் வந்து, எல்லோரும் இறங்கி, கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் நாளைய வேலையைச் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.