மானம் ஏறிய கப்பல்

மே மாதத்தில் கிட்வாய் நகர் பூங்காவில் ஒரு போர்க்கப்பல் வந்து நின்றது. மூன்று பாய்மரம், நடுவில் கறுத்த புகைபோக்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெறும் பாய்க்கப்பலாகப் பிறந்து, இரண்டு சண்டை பார்த்து, காலம் மாறியதும் இடுப்பில் அறுத்து நீளம் கூட்டி வயிற்றில் நீராவி எந்திரம் வைக்கப்பட்ட கப்பல் அது. பிறகு படையாள் சுமந்தது, கடைசியில் துறைமுகத்தில் கரிக்கிடங்காகக் கிடந்தது, உடைத்து விற்றாயிற்று என்றுதான் பேச்சு. கடலே இல்லாத டெல்லிக்கு எப்படி வந்தது என்று காலனியில் ஒருவரும் கேட்கவில்லை. கார் நிறுத்த இடம் போயிற்றே என்றுதான் சண்டை.

சிவஞானம் மட்டும் சந்தேகப்பட்டார். திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், பால் பாக்கெட்டையே முகர்ந்து பார்த்து வாங்குகிற மனுஷர். பாயும் வைத்து எந்திரமும் வைத்திருக்கிறதா, அப்ப ரெண்டுங்கெட்டான், எவனையோ ஏமாற்ற வந்திருக்கிறது என்றார். மகள் ஷ்ருதி விரும்பிய அர்ஜுனுக்கும் அவர் வைத்த பேர் ரெண்டுங்கெட்டான்தான். அப்பா பஞ்சாபி, அம்மா மதுரை, வாயைத் திறந்தால் பாதி அச்சா, பாதி சரிங்க. இது நடந்தால் என் மானம் கப்பலேறிடும் என்று தினமும் கத்தினார். டெல்லியில் பிறந்த ஷ்ருதி, மானம் என்பது ஊரிலிருக்கும் ஏதோ மாமா என்று பள்ளிக்கூடம் முடிக்கிறவரை நினைத்திருந்தவள்.

மகளின் பதிவுத் திருமணத்துக்கு மனைவி காந்திமதி மட்டும் போனாள். அந்த மத்தியானம் கப்பல் ஏணியை இறக்கியது. பால்கனியிலிருந்து சிவஞானம் பார்த்தார். அச்சு அசலாக அவரைப் போலவே ஒரு ஆள், மடிப்புக் கலையாத வேட்டி, கையில் அவருடைய பெட்டி, விறைப்பாக ஏறினான். தன் மானம்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாழ்நாள் பூரா காவல் காத்தவரை அது ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டார்.

அன்றைக்கு இலைகூட அசையாத வெயில். பாய்கள் துவண்டு தொங்கின. பாயை மட்டும் நம்பியிருந்தால் மானம் இன்றைக்கும் கிட்வாய் நகரில்தான் கிடந்திருக்கும். எந்திரம் இருமியது, புகை வந்தது, கப்பல் சரோஜினி நகர் கடைகளுக்கு மேலே ஏறி மறைந்தது. சிவஞானத்துக்கு உடம்பு லேசாக இருந்தது. பசித்தது.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து மகள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த ஷ்ருதி பயந்துபோய் நின்றாள்.

“ஏட்டி, மானம் கப்பலேறிடுச்சு,” என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “மாமா எப்பப்பா திரும்பி வருவாரு?”

“அவன் வரமாட்டான். நீ சோத்தை வை.”

அர்ஜுன் தட்டு கொண்டுவந்தான். சிவஞானம் சாம்பாரை ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.