மோர் வராத பந்தி

1984ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்த கையோடு எம்.பி. மெர்வின் கார்மடியின் கால்கள் வளரத் தொடங்கின. உடம்பு வளரவில்லை, கை வளரவில்லை, சப்பாத்து அளவும் மாறவில்லை. கால்கள் மட்டும் நீண்டன. இதை முதலில் அறிந்தவள் குணவதி. மனுரேவா என்ற புறநகரில் வாடகை வீட்டில் மகளோடு இருந்துகொண்டு, பகலில் உடுப்புத் தொழிற்சாலையிலும் மாலையில் வீட்டிலும் தைத்துக்கொண்டிருந்தவள். கார்மடியின் மனைவி அவருடைய காற்சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்து, துவைத்ததில் சுருங்கிவிட்டன, கரையைப் பிரித்து இறக்கித் தாருங்கள் என்றாள். குணவதி இறக்கிக் கொடுத்தாள். அடுத்த மாதமும் அதே காற்சட்டைகள் வந்தன. பிரிக்கக் கரை இல்லாமல் போனபோது, எதற்கும் ஆளையே ஒருமுறை வரச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியனுப்பினாள்.

கார்மடி பிறவியிலேயே குள்ளம். இறைச்சித் தொழிற்சாலையில் தொழிற்சங்கக்காரராக இருந்த காலத்தில் பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் பேசுவார். பேச்சு என்னவோ பெரிய பேச்சு. பெரிய இடத்துக்காரர்களைப் போட்டுத் தாளிப்பார், கீழே நிற்பவன் ஒவ்வொருவனுடைய பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். பசித்தவனுக்குச் சோறு, வேலையற்றவனுக்கு வேலை, வீடற்றவனுக்கு வீடு என்று வாய் நிறையக் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதர் குணவதியின் குசினியில் கதிரை மேல் ஏறி நின்றார். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கீழே குந்தியிருந்தாள். உன் புருஷன் எங்கே என்று அவர் கேட்டார். அவள் ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னாள். 83 ஜூனில் அண்ணன் மனைவியின் பிள்ளைப்பேறுக்கு உதவியாக மகளோடு இங்கே வந்தவள். அடுத்த மாதமே கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தது. கணவர் சோதிலிங்கம் உயிரோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது, அவருக்கு வர அனுமதி கிடைக்கவில்லை.

கார்மடி நெஞ்சில் கை வைத்தார். ஒரு வருடத்துக்குள் உன் புருஷனைக் கொண்டுவந்து சேர்க்கிறேன், இது என் வாக்கு என்றார். அந்தக் கணமே குணவதி பிடித்திருந்த கரை அவள் விரல்களிலிருந்து நழுவி இரண்டு விரற்கடை மேலே ஏறியது. அவள் பயப்படவில்லை. சந்தோஷம்தான் பட்டாள், வாக்கு மெய்யானது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று. அன்றைக்கு ஒட்டுத் துணி வைத்துத் தைத்தபோது அந்த இரண்டு விரற்கடையை மட்டும் தன் சொந்தத் துணிபோல நினைத்துத் தைத்தாள்.

வருடம் ஒன்று போயிற்று, இரண்டும் போயிற்று. கார்மடி வளர்ந்துகொண்டே இருந்தார். சின்ன வாக்குக்கு நகக்கண் அளவு, பெரிய வாக்குக்கு விரற்கடைக் கணக்கு. ஒரே ஒரு முறை பாபகூராவில் பள்ளிக்கூட வாசலில் தெருவைக் கடக்கும் கோடு போட்டுத் தருகிறேன் என்று சொன்னதைச் செய்தும் கொடுத்துவிட்டார். அந்த வாரம் காற்சட்டை நிலத்தில் இழுபட்டது. கட்சியின் ஆலோசகர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களுக்கு விஷயம் உடனே விளங்கியது. வாக்குக் கொடுத்தால் ஏறுகிறார், நிறைவேற்றினால் இறங்குகிறார். அதன்பிறகு கார்மடி எதையும் நிறைவேற்றாமல் பார்த்துக்கொண்டார்கள். எண்பத்தேழில் பால் விலை ஏறியது, வீட்டுக் கடன் வட்டி ஏறியது, கார்மடியும் ஏறினார். கூட்டங்களில் கடைசி வரிசைக்காரனுக்கும் அவர் இடுப்புக்கு மேலே தெரிந்தார். காரின் முன் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து ஓட்டினார். பத்திரிகைகள் அவரை மற்ற எம்.பி.க்களோடு நிறுத்திப் படம் எடுத்துப் போட்டு, கட்சியில் இவரளவு உயர்ந்தவர் யார் என்று எழுதின. அளவுகோல் இருப்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. 88ஆம் ஆண்டு, கட்சித் தலைமைக்கு எம்.பி.க்களின் வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். கட்சி ஆட்சியில் இருந்தபடியால் தலைமை கிடைத்தால் பிரதமர் பதவியும் கையில்.

தமிழ்ச் சங்கத்தில் இதைப் பற்றித்தான் பேச்சு. தலைவர் இராசநாயகம் ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர், ஒழுங்கு தப்பினால் பொறுக்கமாட்டார். அவர் கூட்டம் கூட்டி ஒரு முடிவெடுத்தார். வாக்கெடுப்பு முடியும்வரை எங்கள் ஆட்கள் ஒருவரும் தங்கள் சொந்த அலுவலைச் சொல்லிக் கார்மடியை நெருக்கக்கூடாது. ஒரு அங்குலமும் குறையாமல் அவரைத் தலைநகர் வெலிங்டனுக்கு அனுப்பிவைப்பது நம் கடமை. எல்லோரும் தலையாட்டினார்கள், அவரவருக்குக் கொடுத்த வாக்கும் அந்தக் கால்களுக்குள்தானே இருந்தது. குணவதிக்கு அந்தக் கிழமைதான் ஒரு செய்தி வந்திருந்தது. சோதிலிங்கத்தைப் படையினர் சுற்றிவளைப்பில் பிடித்துப் போய், ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்திவைத்துப் பிறகு விடுவித்திருந்தார்கள். இரண்டாம் தரம் இது. மூன்றாம் தரம் பிடிபட்ட பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை.

“கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி,” என்றார் இராசநாயகம். “அந்தாள் பிரதமர் ஆனா ஒரே சொல்லில எல்லாரும் வரலாம்.”

“அவர் உயரமா நிக்கிறதுக்கு என்ரை மனிசன் அங்க கிடக்கவேணுமோ, அண்ணை?”

இராசநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளையார் சதுர்த்திப் பூசைக்குக் கார்மடியை அழைத்திருப்பதாகவும், அன்றைக்கு மோர் பரிமாறுவது அவள் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பூசை த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கார்மடி குனிந்து, இன்னும் குனிந்து, கடைசியில் தவழ்ந்து உள்ளே வந்தார். கூடவே கட்சி ஆலோசகர்கள் இருவர். தீபாராதனை முடிந்ததும் நிலத்தில் பாய் விரித்துப் பந்தி போட்டார்கள். வாழையிலை அப்பலசாமியின் கடைப் பின்வளவில் வெட்டியது. அப்பலசாமி ஃபிஜிக்காரர், மூன்று தலைமுறைக்கு முன் கரும்பு வெட்டப் போன குடும்பம், மனுரேவாவில் டெய்ரி என்று சொல்லும் பலசரக்குக் கடை நடத்துகிறார். கார்மடி சம்மணம் கட்டியபோது முழங்கால்கள் இரண்டு பக்கமும் நீண்டு பக்கத்து இலை இடங்களைப் பிடித்துக்கொண்டன, அந்த இடங்களைக் காலியாக விட்டார்கள். ஆனால் நிலத்தில் இருந்தவுடன் ஒரு விநோதம் தெரிந்தது. வளர்ந்ததெல்லாம் கால்தான் என்பதால் அவருடைய தலை மற்றவர்களின் தலையோடு சமமாக நின்றது. சோறு கொண்டுவந்த பெண்கள் அவருடைய உச்சியை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். நடுவில் வழுக்கை விழுந்திருந்தது. குணவதிக்கு அந்த வழுக்கையைப் பார்த்ததும் ஏனோ இரக்கமாக இருந்தது.

பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்க் கறி, அப்பளம், பாயசம் எல்லாம் வந்து முடிந்தது. மோர் மட்டும் வரவில்லை. குணவதி மோர்ச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தியின் தலைமாட்டில் நின்றாள். கார்மடி சிரித்தபடி, விருந்து முடிந்ததா என்று கேட்டார். அவள் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். எங்கள் வழக்கத்தில் மோர் விடாமல் பந்தி எழும்பாது. இலையை விட்டு இடையில் எழும்புகிறவர் அந்தச் சபையையே அவமதித்தவர் ஆவார். என் கணவருக்காக நீங்கள் பேசியபிறகு மோர் வரும்.

இராசநாயகம் பதறி எழும்பப் பார்த்தார். ஆனால் அவர் முன்னாலும் இலை கிடந்தது. போன வருடம் பந்தியில் பாதியில் எழும்பிய சபாரத்தினத்தை எல்லோர் முன்னாலும் ஏசியவரும் அவரேதான். தூக்கிய முழங்காலைத் திரும்ப மடித்துக்கொண்டு இருந்தார். ஆலோசகர் ஒருவர் கார்மடியின் காதில், இன்னும் மூன்று வாரம், எழுந்து போய்விடலாம் என்று முணுமுணுத்தார். கார்மடி எழும்பவில்லை. வழக்கத்துக்காகவா, வெட்கத்துக்காகவா என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். அவர் சொன்ன காரணம் வேறு. மூன்று வருடமாக மனிதர்களின் தலை வகிடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்குச் சுற்றிவர முகங்கள் இருந்தன. அதில் ஒரு முகம் ஒரு காலத்தில் வாயில் குண்டூசிகளோடு தன்னை நிமிர்ந்து பார்த்த முகம் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

“எங்கே டெலிபோன்?” என்றார்.

அப்பலசாமி மண்டபத்து அறையிலிருந்து நீளக் கம்பியோடு டெலிபோனை இழுத்துவந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, குடிவரவு அமைச்சர் வீட்டில் இருந்தார். கார்மடி வலது கை எச்சிலோடு இடது கையால் காதில் வைத்துப் பேசினார். சோதிலிங்கத்தின் பெயரைக் குணவதி எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எல்லாம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான், அமைச்சர் அனுமதி கொடுத்தார். போனை வைத்தபோது அவருடைய இடது முழங்கால் உள்ளே இழுபட்டது. குணவதி அவருடைய காற்சட்டைக் கரையைப் பார்த்தாள். இரண்டு விரற்கடை தொய்ந்து கிடந்தது. சட்டி சரிந்து மோர் கொஞ்சம் பாயில் சிந்தியது.

அகப்பையை அவள் அவருடைய இலைக்கு மேலே கொண்டுபோன நேரம், காலியான இடத்தில் அப்பலசாமி வந்து உட்கார்ந்துகொண்டார். “எங்க அக்கா இன்னும் ஃபிஜியில, நாடி ஊர்லதான் இருக்கு, சார். அங்க ஆட்சி கவிழ்ந்த அன்னிக்கே கூட்டியாறேன்னு சொன்னீங்க,” என்றார். குணவதி அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் விட்டாள். அதன்பிறகு ஒவ்வொருவராகத் தங்களுக்குத் தந்த வாக்கைச் சொல்லி வந்தார்கள், கார்மடி ஒவ்வொன்றுக்கும் டெலிபோனை எடுத்தார். செய்தி தெருவுக்குப் போய், சமோவாக்காரர்களும் மாவோரிக் கிழவர் ஒருவரும் வந்து பாயில் இடம் கேட்டு உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் இலை போட்டார்கள். கடைசியாக இராசநாயகமும் பொழுது சாய்கையில் தன் தம்பியின் பெயரை மெதுவாகச் சொன்னார். எல்லாம் முடிந்து மோர் வந்து கார்மடி எழும்பி நின்றபோது, அவருடைய தலை குணவதியின் தோளுக்கு வந்தது. காற்சட்டையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலால் நிமிர்ந்தே போனார். அங்கேயே கரையை வெட்டித் தைத்துத் தருவதாக அவள் சொன்னாள், வேண்டாம், நேரமாகிவிட்டது என்றார்.

வெலிங்டனில் வாக்கெடுப்பு நடந்த அன்றைக்குப் பேச்சு மேடைக்குப் பின்னால் அவர் நின்றது யாருக்கும் தெரியவில்லை. பியர்ப் பெட்டி ஒன்று கேட்டாராம், அந்தக் கட்டிடத்தில் அது இல்லை. தலைமை வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் புதிய தலைவருடைய கைகள் கொஞ்ச நாளாக நீண்டு வருவதாகக் கேள்வி.

89ஆம் ஆண்டு பெப்ரவரியில் சோதிலிங்கம் மாங்கெரி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கடிதங்களில் குணவதி எழுதியிருந்த ராட்சதனுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று, கூட்டத்துக்கு மேலாக அண்ணாந்து தேடினார்.

“மேல பாக்காதேங்கோ,” என்றாள் குணவதி. “இஞ்ச, கீழ பாருங்கோ.”

பெட்டியைக் கார்மடி வாங்கிக்கொண்டார். அது ஏறக்குறைய அவர் உயரம் இருந்தது. அன்று மத்தியானம் மனுரேவா வீட்டில் அவரும் சோதிலிங்கமும் பக்கத்தில் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்தார்கள். எதிர் வீட்டுப் பெண் வந்து தன் அலுவல் ஒன்றைச் சொன்னாள். பார்ப்போம் என்றார் கார்மடி, காற்சட்டை அசையவில்லை. மகள் அப்பளம் வைத்தாள், பாயசம் வைத்தாள். இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

குணவதி மோர்ச் சட்டியோடு நின்றாள். ஐந்தரை வருடம் காணாத மனிதர், இலைக்கு முன்னால் இருக்கிறார். மோர் விட்டால் எழும்பிவிடுவார். அவள் விடவில்லை. சோதிலிங்கமும் கேட்கவில்லை, கை காய்ந்து போகும்வரை அப்படியே இருந்தார். கார்மடியும் தன் இலைக்கு முன்னால் காத்திருந்தார்.