மூன்றாவது சிலிண்டர், இல்லை இரண்டாவது

காலை எட்டே முக்காலுக்கு ஓக் மல்சுனின் பழைய டீசல் வண்டி மெக்கானிக் தாக்கின் பட்டறைக்குள் நுழைந்தது. நுழைந்தது என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். வாசலில் நின்று குலுங்கி, வெள்ளைப் புகையைக் கக்கி, கொஞ்சம் யோசித்து, பிறகு மனமில்லாமல் உள்ளே வந்தது. பின்பக்கம் தார்ப்பாயின் கீழே இருநூறு சீன முட்டைக்கோஸ்கள். நேற்றே உப்பில் ஊறவைத்து, விடியலில் அலசி, பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஏற்றியவை.

"தம்பி, மிஸ் அடிக்குது," என்றாள் மல்சுன் இறங்கும்போதே. "பதினோரு மணிக்கு நான் கிளம்பியாகணும்."

அவசரம் என்ன என்று தாக் கேட்கவில்லை. கொரியாவிலேயே கோஸுக்குப் பேர்போன ஹேநாமில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. மல்சுனின் மகளுக்கு வசந்த காலத்தில் குவாங்ஜுவில் கல்யாணமானது. இது அதன்பின் முதல் கிம்ச்சி சீசன், குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறுகாய் போடும் நேரம். "கோஸ் நாங்க கடையிலயே வாங்கிக்கிறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சம்பந்தியம்மாள் சொன்னதற்கு, "ஹேநாம்ல பொண்ணு எடுத்துட்டுக் கடையில கோஸ் வாங்குவீங்களா?" என்று மல்சுன் கேட்டுவிட்டாள். கல்யாண விருந்தில், அறுபது பேர் முன்னால். இன்று மதியம் ஒரு மணிக்குச் சம்பந்தி வீட்டு முற்றத்தில் எட்டுப் பெண்கள் ரப்பர் கையுறை மாட்டி, மிளகாய் விழுதைக் கலந்து வைத்துக்கொண்டு, இந்தக் கோஸுக்காக உட்கார்ந்திருப்பார்கள். கோஸ் வராவிட்டால் அந்த விழுதை எடுத்து மல்சுனின் முகத்தில்தான் பூச வேண்டும். சம்பந்தி வீட்டில் அப்படிச் செய்ய மாட்டார்கள், சிரித்துக்கொண்டே கடைக்குப் போவார்கள். அது இன்னும் மோசம்.

"கவலைப்படாதீங்கக்கா. டீசல் எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றான் தாக்.

அடுப்போரம் காகிதக் கோப்பையில் பாக்கெட் காபி குடித்துக்கொண்டிருந்த மெங் அண்ணன் மூக்கால் சிரித்தார். முப்பது வருடம் கணவாய் மீன் படகுகளில் எஞ்சின் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பட்டறையில் தினமும் வந்து உட்கார்ந்து, நிலத்தில் ஓடும் எஞ்சின்களை இழிவாகப் பார்ப்பதைத் தொழிலாக வைத்திருந்தார். சம்பளம் கிடையாது, காபி உண்டு.

"கம்ப்ரெஷன் போயிருக்கும்," என்றார் மெங், எழுந்திருக்காமல்.

"பாக்கவே இல்லையேண்ணே."

"பாத்தா உனக்குத் தெரியும். எனக்கு எதுக்கு?"

தாக் எஞ்சினுக்கு மேலிருந்த சீட்டைத் தூக்கி, வண்டியை ஓடவிட்டு, ஸ்பேனரை எடுத்தான். முறை எளிது. நான்கு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ அது உழைக்கிற சிலிண்டர். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அது சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது. அரசு அலுவலகத்திலும் இதே சோதனையை வைக்கலாம் என்று தாக் அடிக்கடி சொல்வான்.

ஒன்று. தடுமாறியது. இரண்டு. தடுமாறியது. மூன்று. ஒன்றும் ஆகவில்லை.

"மூணாவது," என்று சாக்பீஸால் குறி போட்டான். "நாசில் அடைச்சிருக்கும். பத்து நிமிஷம்."

டீசலைப் பீய்ச்சுகிற மூன்றாவதின் நாசிலையும் ஒன்றாவதின் நாசிலையும் கழற்றி இடம் மாற்றினான். கோளாறு நாசிலில் இருந்தால் அதுவும் ஒன்றாவதுக்கு இடம் மாற வேண்டும். வண்டியை ஓடவிட்டு, ஒன்றாவதைத் தளர்த்தினான். எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தினான். தடுமாறியது. இரண்டாவதைத் தளர்த்தினான்.

ஒன்றும் ஆகவில்லை.

தாக் ஸ்பேனரைப் பார்த்தான். பிறகு சாக்பீஸ் குறியைப் பார்த்தான். இரண்டாவதில் அவன் கை வைக்கவே இல்லை.

"இப்ப எது?" என்றாள் மல்சுன்.

"ரெண்டாவது."

"மூணாவதுன்னீங்க."

"அப்ப மூணாவது."

"அது செத்துப் பொழைச்சு, இது செத்துடுச்சா?"

தாக் மறுபடி முதலிலிருந்து தளர்த்தினான். இந்த முறை நான்காவது. அதை உறுதிசெய்யத் திரும்பத் தளர்த்தியபோது நான்கும் ஒழுங்காக ஓடின. வண்டி தாலாட்டுப் போல அரை நிமிடம் ஓடி, எல்லோரும் மூச்சுவிட்ட சமயம் பார்த்து மறுபடி விக்கியது.

"பொய் சொல்லத் தெரியாதுன்னான்," என்றார் மெங் தன் காபியிடம்.

பத்தே கால். மல்சுனின் போன் அடித்தது. அவள் நிமிர்ந்து நின்று, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எடுத்தாள். "ஆமாங்க சம்பந்தியம்மா... கிளம்பிட்டே இருக்கேன்... இந்தச் சத்தமா? வண்டிச் சத்தந்தாங்க, சூடு ஏத்துறேன்." போனை வைத்ததும் முகம் சுருங்கியது. "தம்பி, எது செத்தாலும் பரவால்ல. ஒண்ணு மட்டும் சாவட்டும். மூணு வச்சு ஓட்டிக்கிறேன்."

தாக் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை, கம்ப்ரெஷனை, அளந்தான். நான்கும் நன்றாக இருந்தன. "கேஜ் தப்பு," என்றார் மெங். வால்வு இடைவெளி பார்த்தான், சரி. டீசல் ஃபில்டரை மாற்றினான். புது ஃபில்டரோடு வண்டி முன்பைவிட உற்சாகமாக விக்கியது. தாக் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, இருபது வருட அனுபவத்தை மனதுக்குள் புரட்டினான். எந்தப் பக்கத்திலும் இது இல்லை. கோளாறு என்றால் ஓர் இடத்தில் உட்கார வேண்டும். இது வாடகைக்கு வீடு தேடுவது மாதிரி சிலிண்டர் சிலிண்டராகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

வீடு வீடாகப் போகிற ஒன்று என்றால், நாலு வீட்டுக்கும் பொதுவான வழியில் வருகிற ஒன்று.

"ஏர்," என்று எழுந்தான். "டீசலோட காத்து வருது. குமிழி எந்தக் குழாய்ல போகுதோ அந்த சிலிண்டர் விக்குது."

"அதைத்தான் நான் முதல்லேருந்து சொல்றேன்," என்றார் மெங்.

ஃபில்டருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்தான். குமிழிகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடின. டாங்கை விட்டுவிட்டு, ஒரு கேனில் டீசல் ஊற்றி, தனிக் குழாயில் நேராக இழுக்கவிட்டான். எஞ்சின் வெண்ணெயாக ஓடியது. ஆக, டாங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில் போகிற ரப்பர் ஹோஸில்தான் ஓட்டை. தாக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, விளக்கோடு அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். சொட்டு டீசல் ஒழுகவில்லை. ஒரு கீறல் இல்லை.

"முழுக்கப் பாத்துட்டேன்க்கா. ஹோஸ் நல்லாருக்கு."

"முழுக்கன்னா முழுக்கவா?" என்று வண்டிக்கு மேலிருந்து அவள் குரல் கேட்டது.

தாக் கொஞ்சம் யோசித்தான். ஒரு சாண் தவிர. அந்த ஒரு சாணில் கருவாடு கட்டியிருந்தது.

வண்டி வாங்கினால் பூஜை போட்டு, பொல்லாக் மீன் கருவாட்டை வெள்ளை நூலால் சுற்றி வண்டியில் வைப்பது வழக்கம். செத்தும் கண் மூடாத மீன், பாதையைப் பார்த்துக்கொள்ளும். அடுத்தவர் வண்டிக் கருவாட்டை யாரும் தொட மாட்டார்கள், மெக்கானிக்கும்தான்; நூல் அறுந்தால் அபசகுனம். காலையிலிருந்து தாக்கின் கை மூன்று முறை அதைச் சுற்றி வளைத்துப் போயிருந்தது. இப்போது விளக்கைக் கிட்டத்தில் பிடித்தான். வண்டி வாங்கிய ஒரு வருடமாக ஆடி ஆடி, மண் ஏறிய நூல் ரம்பம் போல ஹோஸை அறுத்திருந்தது. பம்பு இழுக்கிற பக்கத்து ஹோஸ் என்பதால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. குலுங்கும்போது திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும்.

"அக்கா, கருவாட்டை ஏன் ஹோஸ்ல கட்டினீங்க?"

"உள்ள வச்சா நாறும்னு அடியில கட்டினேன். வேற எங்க கட்டுறது, காத்துலயா? நீங்களும்தான பூஜைக்கு வந்தீங்க. அரிசிக் கள் குடிச்சிட்டு, 'இறுக்கிக் கட்டுங்கக்கா, ரோட்டுல விழுந்துடும்'னு சொன்னது யாரு?"

தாக்குக்கு அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. தொனியோடு வந்தது. அன்று படையலுக்குப் பன்றித் தலை வாங்கக் கட்டுப்படியாகாமல், போனில் பன்றித் தலைப் படத்தை வைத்துக் கும்பிட்டார்கள். அந்தப் போனும் அவனுடையது.

"நூலை வெட்டிடலாம்," என்றான் மெதுவாக.

"சம்பந்தி வீட்டுக்குப் போற அன்னைக்கா?" என்றாள் மல்சுன்.

மெங் அண்ணன் முதல்முறையாக எழுந்தார், வெட்டுவதற்கல்ல. "என் கையில கத்தியக் குடுத்துடாத. நான் கடல்ல இருந்தவன்."

"வீட்ல குடிச்ச மறுநாள் சூப்புக்கு வச்ச கருவாடு இருக்கு. அதைப் புதுசாக் கட்டுவோமா?" என்றான் தாக்.

"முழு மீனா?" என்றாள் மல்சுன்.

"கிழிச்சுப் போட்ட பாக்கெட்டு."

"தலை இல்லாதது ரோட்டை எதால பாக்கும்?"

பதினொன்றே முக்கால். போன் அடித்தது, மல்சுன் எடுக்கவில்லை. போனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண் பயந்து தாக் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பார்வையைத் தாங்காமல் தாக் வண்டிக்கு அடியில் போனான், மீனுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, ஹோஸைத்தான் வெட்டினான். எப்படியும் மாற்ற வேண்டியது அதுதான். துண்டு ஹோஸோடும் அறுபடாத நூலோடும் கருவாடு முழுசாகக் கையில் வந்தது. புது ஹோஸ் போட்டு, காற்றை வெளியேற்ற, கைப்பம்பை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்தது. பன்னிரண்டு இருபதுக்கு வண்டி விக்காமல் நின்று ஓடியது. தாக் நான்கு நட்டையும் தளர்த்திப் பார்த்தான். நான்கும் உழைத்தன. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

மல்சுனுக்கும் வரவில்லை. "ஏறுங்க," என்றாள்.

"எங்க?"

"வழியில நின்னா யாரு படுத்துப் பாக்குறது?"

கருவாடு கண்ணாடியில் தொங்கி ஆட, அதன் மூக்கு தாக்கின் மூக்கை இடிக்க, இரண்டு மணிக்குக் குவாங்ஜு வந்து சேர்ந்தார்கள். முற்றத்தில் எட்டு ஜோடிக் கையுறைகள் காத்திருந்தன. மல்சுனின் மகள் கைகளைப் பிசைந்துகொண்டு மாமியாரின் பின்னால் நின்றாள். சம்பந்தியம்மாள் வணக்கம் சொல்லிவிட்டு, முதல் பையைப் பிரித்து, ஒரு கோஸின் நடு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"கொஞ்சம் உப்புக் கூட," என்றாள்.

மல்சுன் தரையைப் பார்த்தாள். "வழியில நேரமாகி, தண்ணி வடிஞ்சு..."

"நடுநடுவுல முள்ளங்கி வெட்டி வச்சா இழுத்துக்கும்." இன்னொரு இலையைக் கிள்ளினாள். "ஆனா இந்த இனிப்பு கடைக் கோஸ்ல வராது. எங்க வீட்டுல இதுவரைக்கும் வந்ததில்ல." அந்த இலையில் விழுதைத் தடவி, வெந்த பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை வைத்துச் சுருட்டி, தன் கையாலேயே மல்சுனின் வாயில் ஊட்டினாள். மல்சுனின் கண்ணில் நீர் கோர்த்தது. மிளகாய் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மகள் ஓடிப் போய் முள்ளங்கி எடுத்து வந்தாள்.

சம்பந்தியம்மாளின் பார்வை இப்போது தாக் மேல் விழுந்தது. கை முழுக்கக் கிரீஸ், சட்டையில் கருவாட்டு வாசனை.

"இவரு யாரு, பொண்ணோட தாய்மாமனா?"

தாக் வாயைத் திறந்தான். மல்சுனின் வாய் நிறைந்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்று. அதற்குள் திறந்த வாய்க்குள் ஒரு கோஸ் சுருள் வந்து அடைத்தது, கையில் ஒரு ஜோடி கையுறை விழுந்தது.

"தாய்மாமன் நிக்கக்கூடாது, உக்காருங்க," என்றாள் சம்பந்தியம்மாள். "நாப்பது கோஸ் உங்களுக்கு."