ஆற்றில் விட்ட சட்டை

ஆத்தூர் படித்துறையில் குளிக்க வருகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் அருணாசலவடிவு சாரைப் பார்த்தாக வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தாமிரபரணி காப்புப் பேரவையின் தலைவர். யாராவது பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் விசில் ஊதுவார்.

"ஏலே, ஒம் பாவத்த ஆறு ஏம்ல சுமக்கணும்?"

பைக் கழுவுகிறவர்கள், துணி துவைக்கும் பெண்கள், வெறுமனே வம்பு பேச வந்தவர்கள் என்று தெருவே கேட்டு அலுத்த வசனம். ஆற்றுக்கும் அலுத்திருக்கும், அது பாட்டுக்குக் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

சாருக்கு ஒரே மகள், ஜெயபிரியா. வந்த வரன்களெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் காபியை முடிக்காமல் எழுந்து போயின. இப்போது திருச்செந்தூரிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. தோஷம் தகப்பன் வழி, அவர் போட்ட சட்டையை ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் இது கூடிவரும் என்று சோதிடர் சொல்லிவிட்டார்.

"கைக்குட்ட போதாதாமா?" என்று மனைவி ஆறுமுகத்தாயிடம் கேட்டார்.

"விடுங்க. மாப்பிள்ளையும் அந்த அளவுலதான் வருவான், பரவால்லயா?"

சனிக்கிழமை விடியுமுன் போய் ஒரு முங்கு முங்கி, நீலச் சட்டையைத் தண்ணீரிலேயே கழற்றி விட்டார். துண்டைப் போர்த்திக்கொண்டு சந்து வழியாக வீடு வந்தார். ஊரார் துணிகள்தான் கரையில் ஒதுங்கும், தன்னுடையது நேரே கடலுக்குப் போய்விடும் என்று நம்பினார்.

மறுநாள் பேரவையின் மாபெரும் துப்புரவுப் பணி. பேனர், பொன்னாடை, கையுறை அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளும் சிறப்பு விருந்தினர், எல்லாம் உண்டு. செயலாளர் கிங்ஸ்டன் தண்ணீரை மூடிப் படர்ந்திருந்த அமலைச்செடிக்குள் கொக்கியை விட்டு இழுத்தான். முதலில் வந்தது நீலச் சட்டை.

"பாத்தியளா சார், திருந்தலையே இந்தப் பயலுவ! பையில பேனாக் கற வேற. படிச்ச பய போலுக்கு. தூக்கிப் பிடிங்க சார், போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்."

சார் தூக்கிப் பிடித்தார். விழிப்புணர்வு உரையும் ஆற்றினார். நடுவில் குரல் கம்மியது. ஆற்றின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டில் ஆறுமுகத்தாய் வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டத ஒங்க கையாலயே திரும்ப வாங்கிட்டியளே! சோசியருக்குப் போன் போட்டேன். மொதல்லருந்து விடணுமாம். இந்தத் தடவ வேட்டியும் சேத்து."

சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கிங்ஸ்டனைப் போனில் அழைத்தார்.

"தம்பி, அடுத்த ஞாயித்துக்கெழம துப்புரவு வேண்டாம்."

"ஏன் சார்? ஆளுவல்லாம் ரெடியா இருக்காவளே."

"ஆத்தப் போட்டு ரொம்பப் படுத்துதோம்லா. கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

"அடடா! இத அப்படியே ஸ்டேட்டஸ் வச்சிருதேன் சார்."

சார் போனை வைத்துவிட்டு, யாருக்கும் அடையாளம் தெரியாத வேட்டி ஏதாவது இருக்கிறதா என்று பீரோவைத் திறந்தார்.