தெற்கு வாசல் கோபுரம் சரிந்த நாள்

கும்பாபிஷேகத்துக்கு நேர்முக வர்ணனை செய்யும் வாய்ப்பு கிடைத்ததும் நமசிவாயம் தன் தொண்டையைப் பாதுகாக்கத் தொடங்கினார். ஐஸ்கிறீம் இல்லை, உரத்த சிரிப்பு இல்லை. மனைவி பூரணத்தோடு சண்டை பிடிப்பதுகூடத் தாழ்ந்த குரலில்தான். சுன்னாகத்துக்குக் கிட்ட உள்ள அவருடைய ஊர் அம்மன் கோயிலில் தெற்கு வாசல் கோபுரம் புதிதாக எழும்பியிருந்தது. கோபுரத்துக்கு எதிரே தெரு. தெருவுக்கு அப்பால் நமசிவாயத்தின் வெங்காயத் தோட்டம்.

ஆனி மாதம். தெற்கிலிருந்து சோளகக் காற்று சுழற்றி அடித்தது. தெருவெல்லாம் சனம். குருக்கள் கும்பநீரோடு சாரத்தில் ஏறி உச்சிக்குப் போய்விட்டார். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருந்தன. நமசிவாயம் கோபுரத்தின் அடியில் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

"அடியார்களே! விண்ணை முட்டும் கோபுரத்தின் கலசங்களை இதோ அண்ணாந்து பார்க்கிறேன்..."

உண்மையாகவே அண்ணாந்து பார்த்தார். அதுதான் வினையாயிற்று.

கோபுரம் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. வேகமாக அல்ல. மிக நிதானமாக, இன்றைக்குள் விழுந்துவிட்டால் போதும் என்பதுபோல. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். கலசம், குருக்கள், பொம்மைகள் எல்லாம் சேர்ந்து தலைக்கு மேலே சாய்ந்தன.

செந்தமிழ் வாயிலிருந்து பறந்துவிட்டது.

"ஐயோ, ஓடுங்கோ! கோபுரம் சரியுது! எங்கடை பக்கம் சரியுது!"

ஊரின் எல்லா மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அதைத் திருப்பிச் சொல்லின. சனம் நிமிர்ந்து பார்த்தது. பார்த்த எல்லோருக்கும் கோபுரம் சரிந்தது. அடுத்த கணம் தெருவில் செருப்புகள் மட்டுமே நின்றன. தவில்காரர் தவிலைக் கழற்ற நேரமில்லாமல் ஓடியதில், முழங்கால் இடித்து அது வழி நெடுக முழங்கிக்கொண்டே போனது. கோயில் தலைவர் தில்லைநாதன் பட்டு வேட்டியை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால் ஓடினார். எல்லோரும் போய் நின்ற இடம் நமசிவாயத்தின் வெங்காயத் தோட்டம்.

மேலே நின்ற குருக்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னத்துக்கு ஓடுறியள்?" என்று குனிந்து கத்தினார்.

"ஐயா, நீங்கள் விழுறியள்!" என்று தோட்டத்திலிருந்து பதில் வந்தது.

"நானோ? நான் நிக்கிறன்!"

"மேலை நிண்டால் தெரியாது ஐயா! கெதியா இறங்குங்கோ!"

குருக்கள் காலால் கோபுரத்தை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. சுபமுகூர்த்தம் கடந்துகொண்டிருந்தது. அவர் தனியே மந்திரம் சொல்லிக் கும்பநீரை ஊற்றினார். கீழே இருந்து 'அரோகரா' வந்தது, ஆனால் வெகு தூரத்திலிருந்து.

சற்று நேரமாகியும் எதுவும் விழாததைக் கண்டு தில்லைநாதன் நமசிவாயத்தையும் இழுத்துக்கொண்டு கோபுரத்தடிக்குத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நமசிவாயம், உமக்கு விசரோ? எங்கை சரியுது?"

"நீங்களே அண்ணாந்து பாருங்கோ."

தில்லைநாதன் அண்ணாந்தார். வலது கால் தானாகவே பின்னுக்குப் போனது. "ஓம், கொஞ்சம் சரியுதுதான்" என்றார் மெல்லிய குரலில்.

கோபுரம் கட்டிய மேசன் வந்து மேல் நிலையிலிருந்து நூல்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் சொன்னது கோபுரம் நேர் என்று. நிமிர்ந்தால் கண் சொன்னது விழுகிறது என்று. மேசன் யாரை நம்புவதென்று தெரியாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

இதற்கிடையில் பூரணம் தோட்டத்தில் குந்தியிருந்து மிதிபட்ட வெங்காயத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். களைத்துப்போய்த் தலையைத் தூக்கியவள் அலறினாள்.

"இஞ்சாருங்கோ! தண்ணித்தாங்கியும் விழுது!"

எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தோட்டத்து மூலையில் உயர்ந்து நின்ற தாங்கியும் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மின்கம்பமும் விழுந்தது. அதற்கும் அப்பால் நின்ற பனையும் விழுந்தது.

"அப்ப ஊரே விழுதோ?" என்றார் தில்லைநாதன்.

"எல்லாம் ஒரே பக்கம் விழுது. ஒண்டும் நிலத்துக்கு வந்து சேரேல்லை" என்றாள் பூரணம். "உதிலை ஏதோ பகிடி இருக்கு."

கொழும்புத்துறையிலிருந்து வீடியோ எடுக்க வந்திருந்த கனிசியஸ் அப்போதுதான் தன் கமராவை எட்டிப் பார்த்தான். ஓடும்போது அவன் விட்டுவிட்டுப் போன கமரா, முக்காலியில் கோபுரத்தைப் பார்த்தபடி தன்பாட்டில் நின்றது.

"அண்ணை, இதுக்குள்ளை பாருங்கோ."

சின்னத் திரையில் கோபுரம் ஆணி அடித்ததுபோல நின்றது. அதற்குப் பின்னால் மேகங்கள்தான் வடக்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தன.

"படத்துக்குச் சுத்திவரச் சட்டம் இருக்கு. அதோடை ஒப்பிட்டால் எது ஓடுதெண்டு தெரியும்" என்றான் கனிசியஸ். "அண்ணாந்து பாக்கேக்கை மேகமும் கோபுரமும் மட்டும்தானே கண்ணிலை படுது? மேகம் வானம் முழுக்க இருக்கு, கோபுரம் சின்னன். பெரிசு ஓடினாலும் சின்னன்தான் அசையுதெண்டு கண் நினைச்சிடும்."

"எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றாள் பூரணம். "பிழை பெரிய ஆளிலை, ஏச்சு எனக்கு."

நமசிவாயம் மைக்கில் மன்னிப்புக் கேட்டார். தில்லைநாதன் அந்த இடத்திலேயே மைக்கைப் பறித்துக்கொண்டார். கனிசியஸின் கமரா எல்லாவற்றையும் பதிந்திருந்தது. அன்று பின்னேரமே தில்லைநாதனின் ஓட்டத்தை ரொறன்ரோவிலிருந்து அவருடைய மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, நடக்க ஏலாதெண்ட முழங்கால் நோ மாறீட்டுதோ?" என்று கேட்டாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் விழுகிற கோபுரத்தைப் பார்க்க வெளியூர்ச் சனம் வாடகைக்கு வான் பிடித்து வரத் தொடங்கியது. தெருவில் பாய் விரித்து மல்லாந்து படுத்தார்கள், கூச்சலிட்டார்கள், சிரித்தார்கள், பிறகு எழும்பி அம்மனையும் கும்பிட்டார்கள். விஷயம் தெரியாமல் வந்தவர்கள் மட்டும் நேரே வெங்காயத்துக்குள் ஓடினார்கள். வேறு வழியில்லாமல் தில்லைநாதனே நமசிவாயத்தைத் தேடி வந்து மைக்கைக் கொடுத்தார்.

இப்போது மேகம் ஓடுகிற நாள்களில் நமசிவாயத்தின் குரல் கேட்கும்: "அடியார்களே, கோபுரம் விழும். ஆனால் விழாது. தயவுசெய்து நின்ற இடத்திலேயே பயப்படுங்கள்."

அவர் மட்டும் நிலத்தைப் பார்த்தபடிதான் இதைச் சொல்லுவார்.

"மேகம்தான் ஓடுதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோவன்" என்று பூரணம் ஒருநாள் சீண்டினாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் நமசிவாயம். "என்ரை காலுக்கு ஆர் சொல்லுறது?"

என்றாலும் ரோசம் வந்துவிட்டது. மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாந்தார். கோபுரம் சாய்ந்தது. அவர் நின்றார். இன்னும் சாய்ந்தது. அப்போதும் நின்றார்.

"பாத்தியோ, நிக்கிறன்!" என்று வெற்றியோடு திரும்பினார்.

பூரணம் பக்கத்தில் இல்லை. மைக்கோடு வெங்காயத்துக்குள் நின்றாள்.