ஐந்து நிமிட மருந்து

1

இந்தக் கதை ஒரு பாடக் குறிப்பாகத்தான் தொடங்கியது. மட்டாஞ்சேரிப் பள்ளி ஒன்றில் நான் வேதியியல் டீச்சர். ஆண்டு மலருக்கு நொதிகளைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். 'நொதி, உடலில் நடக்கும் வேதிவினையை விரைவுபடுத்தும். வினை முடிந்ததும் தான் மட்டும் மாறாமல்' என்பதுவரை எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் வந்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அந்த நொதிகளில் ஒன்று இல்லாத ஆள் தான்தான் என்றாள்.

2

('1998 ஜூன் மாத மழையில் மட்டாஞ்சேரி நனைந்து' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அவளுக்கு மழை நினைவில்லை.)

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. குடல்வால் வீங்கி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மூச்சுக்குழலில் டியூப் இறக்குவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை ஐந்து பத்து நிமிடத்தில் சிதைத்துவிடும். நொதி இல்லாவிட்டாலும் மருந்து போகும், ஆனால் மணிக்கணக்கில். வேகம் மட்டும்தான் வித்தியாசம் என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அந்த 'மட்டும்' இனி என் வாயில் வராது.

3

தையல் போட்டு முடித்தார்கள். மயக்க வாயுவை நிறுத்தினார்கள். ஆவுடையம்மாளுக்கு நினைவு திரும்பியது. உடம்பு திரும்பவில்லை.

கண்ணிமைகளில் பிளாஸ்திரி. விரலை அசைக்கப் பார்த்தாள். விரல் எங்கே இருக்கிறதென்று தெரிந்தது, அசையவில்லை. மூச்சை இழுக்கப் பார்த்தாள், நெஞ்சு கேட்கவில்லை. யாரோ ஒரு பையை அமுக்கி அமுக்கி அவளுக்குள் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை நின்றால் தீர்ந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. தையல் போட்ட இடம் எரிந்தது. இவள் ஏன் எழவில்லை என்று யாரோ மலையாளத்தில் கேட்டார்கள். கத்தினாள். சத்தம் அவள் தலைக்குள்ளேயே இருந்தது.

(இங்கே அவள் பயத்துக்கு ஓர் உவமை வைத்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "அப்படியொண்ணும் இல்ல டீச்சரே, செத்துப்போனேன்னுதான் நெனச்சேன்" என்றாள். உவமையை எடுத்துவிட்டேன்.)

பையை அமுக்கிக்கொண்டிருந்தவன் ஷிபு, தியேட்டர் டெக்னீஷியன். பிளாஸ்திரி ஓரமாக நீர் கசிவதை அவன்தான் பார்த்தான். குனிந்து அவள் காதருகே சொன்னான்:

"சேச்சி, பேடிக்கண்டா. ஞான் இவிடெத்தன்னெ உண்டு."

பயப்படாதே, இங்கேயே இருக்கிறேன் என்று. பிறகு டாக்டரிடம், இவள் விழித்திருக்கிறாள் என்றான். தூக்க மருந்து கொடுத்தார்கள். சாயங்காலம்தான் அவள் கால்விரல் அசைந்தது.

4

ரத்தத்தைச் சோதித்து, நொதி இல்லை என்றார்கள். பிறவிக் குறை, மகள் ரஜிதாவுக்கும் இருக்கலாம், சோதித்துவிடுங்கள் என்றார்கள். சோதிக்கவில்லை. ரத்தத்தில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? ஆஸ்பத்திரி தந்த சீட்டை ஆவுடையம்மாள் அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். 2005இல் வீரபாண்டிக்கு ரஜிதாவைக் கொடுத்தபோதும் யாரிடமும் சொல்லவில்லை.*

* இதைப் படித்து அவள்மீது கோபப்படுபவர்கள், ஒரு மகளுக்கு மாப்பிள்ளை தேடிப் பார்த்தவர்களாக இருக்கட்டும்.

5

அடுத்த வருஷம் பிரசவம். வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு இறங்கியது. முதுகில் ஊசி போட நேரமில்லை, முழு மயக்கம்தான் என்று சொல்லி ரஜிதாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே வீரபாண்டியும் அவன் அம்மா கங்காவும் நின்றிருந்தார்கள்.

என் முதல் பிரதியில் ஆவுடையம்மாள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அதில் இரண்டு முடிவுகள். ஒன்றில் ரஜிதா கண் திறக்கிறாள். மற்றொன்றில்...

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நான் பெஞ்சுல இருக்கல. வாதிலத் தட்டுனேன். அத எழுது."

எழுதுகிறேன். கதவை இரண்டு கையாலும் தட்டினாள். திறந்த நர்ஸிடம், சம்பந்தி காது கேட்க, மருமகன் காது கேட்க, தன் ரத்தத்தில் இல்லாததைச் சொன்னாள். மருந்தின் பெயர் தெரியவில்லை. ஐந்து நிமிட மருந்து, அதைப் போடாதீர்கள் என்றாள். உள்ளே ஊசியில் எடுத்திருந்ததை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஸாதனா.

கங்கா அன்றிலிருந்து ஆவுடையம்மாளோடு பேசுவதில்லை. ரஜிதாவுக்கோ குழந்தைக்கோ சோதனை வேண்டாம் என்று வீரபாண்டி சொல்லிவிட்டான்.

6

இங்கே நிறுத்தியிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை கங்கா என் பள்ளிக்கு வந்தாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். காய்ச்சலுக்கும் அந்த நொதிக்கும் சம்பந்தமில்லை என்றேன். அவள் போகவில்லை.

"அந்த டெஸ்ட் எவ்விடெயா எடுக்கிறது, டீச்சரே? நான் வந்தது ஆரும் அறியண்டா."

எறணாகுளத்து லேப் ஒன்றின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். போனாளா என்று நான் கேட்கவில்லை; சோதனையில் என்ன வந்ததோ என்று கேட்கப் பயமாக இருக்கிறது. உங்களுக்குத் தைரியமிருந்தால் அந்த லேபுக்கு அவளோடு போங்கள்.